மசியின் வலப்பக்கம்

ஆகஸ்ட் 19

இல்லை, குருவி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இறங்கினாள். கால் வைக்கும் அங்கவடிகளை மேலே ஏற்றிச் செருகினாள். கடிவாளத்தைப் பிடித்து மசியை லாயத்துக்கு நடத்திப் போனாள். கால்சட்டையில் முழங்காலுக்குக் கீழே ஒரு கிழிசல், அதன் ஓரத்தில் கொஞ்சம் இரத்தம். மசி அவளைப் பலகைச் சுவரோடு தேய்த்துக்கொண்டு போனதில் வந்தது. பதின்மூன்று வயது. பதிவேட்டில் நீளமான பெயர், எங்களுக்கெல்லாம் குருவி.

எப்போதும் வலச்சுற்றில்தான். மைதானத்தை இடப்பக்கமாகச் சுற்றும்போது அந்தக் கறுப்புக் குதிரை தண்ணீர் மாதிரி போகிறது. திசையை மாற்றினால் போச்சு. தலையை வலப்புறம் உள்ளே வளைக்கிறது, உடம்பை வெளியே தள்ளுகிறது, சுவரைத் தேடிப் போகிறது.

"வலது கை கனம். இழுக்காதே," என்றேன்.

"இழுக்கல அக்கா."

"இழுக்கலைன்னா அது ஏன் தலையைத் திருப்புது?"

வலது கை கனம்: ஏழு மாதமாக அவளுக்கு நான் சொல்லும் ஒரே வாக்கியம். வேலிக்கு வெளியிலிருந்து கேப்டன் — எந்தப் படையிலும் இருந்திராத, மீசையால் மட்டுமே பதவி உயர்வு பெற்ற எங்கள் தலைமைப் பயிற்சியாளர் — "குச்சியால ஒரு தட்டு தட்டச் சொல்லு!" என்று கத்தினார். தட்டச் சொன்னேன். தட்டினாள். மசி இன்னும் சுவரோடு ஒட்டியது.

செப்டம்பர் 14 இரண்டாம் நிலைத் தேர்வு. குழந்தையும் குதிரையும் ஜோடியாகப் பதிவாகிவிட்டார்கள். இனி ஆளையும் மாற்ற முடியாது, குதிரையையும் மாற்ற முடியாது. குருவி எங்கள் குதிரையேற்றச் சங்கத்தின் இலவச இடத்தில் இருப்பவள். தேறினால்தான் அந்த இடம் அவளுக்குத் தொடரும். அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். வேறு வழியில் இங்கே வர முடியாது.

கை இலேசாக வேண்டும். அவ்வளவுதான். அது ஏன் வரமாட்டேன் என்கிறது?

ஆகஸ்ட் 20

அண்ணன், சாப்பிடும்போது: "குதிரை லத்தி அள்ள எதுக்குடி எம்.ஏ.? பி.ஏ. போதாது?"

அண்ணி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கல்லூரி வேலைக்கான விண்ணப்பத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், தொட்டுக்கொள்ள ஏதோ வைப்பது போல.

ஆகஸ்ட் 23

ரேடியோவை மசி உதைத்துவிட்டது.

குதிரைக்காரருக்கு அந்தப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர். காலையில் லாயத்தின் தாழ்ப்பாளைத் திறக்கும்போது வாயையும் திறப்பார். மச்சானின் வழக்கு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய், மாப்பிள்ளை பார்த்த கதை — குதிரைகளுக்கு அவர் குடும்பத்தில் யாருக்கு யாரோடு ஆகாது என்பது வரை தெரியும். மூன்று நாளாகத் தொண்டைக் கட்டு. கழுத்தில் துண்டு. பிள்ளைகள் "ரேடியோ ரிப்பேர்" என்று ஓடித் திரிந்தார்கள்.

தீவனம் கொண்டுவரும் நடையின் சின்னக் கதவு வழியாக, வாளியும் தூரிகையுமாக, மசியின் வலப்பக்கம் போயிருக்கிறார். நான் சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். வாளி நசுங்கிக் கிடந்தது. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். மசி மூலையில், உடம்பெல்லாம் நடுக்கம், மூக்குத் துளைகள் சிவக்க. உதைத்தது போலவே இல்லை. உதை வாங்கியது போல.

"திமிரு. வயசாக ஆகக் கொழுப்பு ஏறுது," என்றார் கேப்டன். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்."

ரேடியோ என் காதருகே வந்து, குரல் இல்லாமல் காற்றால் சொன்னார்: "எம்மேல என்ன கோவம்மா அதுக்கு? தினம் அதுகிட்ட பேசிட்டுத்தானே இருக்கேன்."

பேருந்தில் வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம். தினம் பேசிக்கொண்டுதானே.

இன்று பேசவில்லை.

ஆகஸ்ட் 24

பிள்ளைகள் வரும் முன்னே போனேன்.

மசியின் இடப்பக்கம் நின்று உள்ளங்கையைக் கண்ணருகே கொண்டுபோனேன். இமைத்தது, தலையைப் பின்னுக்கு இழுத்தது. "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்தேன். வலப்பக்கம். அதே கை. அதே தூரம்.

ஒன்றும் இல்லை.

மறுபடி. ஒன்றும் இல்லை. இமை அசையவில்லை. கறுப்பான விழிக்குள் நீர் விட்ட பால் போல ஒரு நீலம். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. உற்றுப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது, அந்தப் பக்கத்தை?

முதல் நாள் வரும் எந்தக் குழந்தைக்கும் கேப்டன் சொல்லிக்கொடுக்கும் பாடம்: "குதிரைக்கு இடப்பக்கம்தான் வாசல். வலப்பக்கம் அடுத்தவன் வீடு." இடப்பக்கம் நின்று நடத்துகிறோம். இடப்பக்கம் ஏறுகிறோம், இறங்குகிறோம். சேணத்தின் வாரை இடப்பக்கம் இறுக்குகிறோம். என் கைப்பேசியில் மசியின் படங்களைத் தேடிப் பார்த்தேன். நிறைய. எல்லாம் இடப்பக்க முகம்.

வலச்சுற்றில் அதன் குருட்டுப் பக்கம் மைதானத்தின் உள்ளே பார்க்கிறது. மற்ற குதிரைகள், நான், என் கையிலிருக்கும் குச்சி — எல்லாம் அந்த இருட்டிலிருந்து வருகின்றன. நல்ல கண்ணால் பார்க்கத்தான் தலையை வளைக்கிறது. பயந்துதான் சுவருக்கு ஒதுங்குகிறது.

வலது கை கனம். வலது கை கனம். வலது கை கனம்.

ஆகஸ்ட் 25

கால்நடை மருத்துவர் வேறொரு குதிரையின் குளம்பைப் பார்க்க வந்தார். அப்படியே மசியையும் பார்க்கச் சொன்னேன்.

"போன மழைக்காலத்துல இந்தக் கண்ணுல தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சுது. தூசின்னு நினைச்சோம்."

"இது வந்து வந்து போற நோய். ஒவ்வொரு தடவையும் பார்வையில கொஞ்சம் எடுத்துட்டுப் போகும். இதுல இனிமே எடுக்க ஒண்ணுமில்ல."

"இன்னொரு கண்?"

"தெளிவா இருக்கு. ஒத்தைக் கண்ணோட ஓடற குதிரைங்க நிறைய. அதுக்கும் தெரியணும், மேல உக்கார்றவங்களுக்கும் தெரியணும். ஒருத்தருக்குத் தெரிஞ்சு இன்னொருத்தருக்குத் தெரியலைன்னாதான் விபத்து."

இத்தனை நாளும் மசிக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஆகஸ்ட் 26

கேப்டனிடம் சொன்னேன். நம்பமாட்டார் என்று வாதங்களையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். நம்பினார். அதுதான் கஷ்டம்.

"தேர்வு முடியட்டும்," என்றார்.

"விழுந்துட்டா சார்?"

"ஏழு மாசமா விழல. இப்ப நீ கண்டுபிடிச்சதால விழுந்துடுவாளா?" பிறகு, குரலைத் தாழ்த்தி: "இங்க பாரு. குதிரையை எடுத்தா ஜோடி போச்சு. ஜோடி போனா அந்தப் பொண்ணோட இடம் போச்சு. கண்ணு தெரியாத குதிரைல குழந்தையை ஏத்தறாங்கன்னு வெளிய ஒரு பேச்சு வந்தா, பெத்தவங்க ஒருத்தர் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. அப்புறம் மசிக்குத் தரகர்தான். அது வேணுமா உனக்கு?"

தரகரின் லாரியில் ஏறிய குதிரை இப்போது எங்கே என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது ஒரு நாகரிகம் போல ஆகிவிட்டது.

பேசிக்கொண்டே மசியின் நெற்றியைச் சொறிந்தார். அவர் வாங்கி வந்த குதிரை. பிள்ளை போல வளர்த்தது. மசி கண்ணை மூடி அவர் தோளில் தலையைச் சாய்த்தது. அவரைக் கெட்டவராக நினைத்துக்கொள்ள முடிந்தால் எவ்வளவு வசதி.

இடப்பக்கம்தான் நின்றிருந்தார், வழக்கம் போல.

ஆகஸ்ட் 27

இப்போது மூன்று பேருக்குத் தெரியும். ஏறப்போகிறவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 28

சொல்லிவிட்டேன்.

சேண அறையில், சோப்பும் தோலும் மணக்கும் அந்த இடுக்கில், குருவி கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன எதிர்பார்த்தேன்? நிம்மதியை. 'அப்போ என் கை சரியா அக்கா?' என்ற முகத்தை. ஏழு மாதத்தை ஒரே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன் போல.

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அப்போ இத்தனை நாளும் அது பயந்துட்டேதான் ஓடுச்சா?"

"ஆமா."

"நான் அடிச்சேனே."

கடிவாளத்தை ஆணியில் மாட்டினாள்.

"நீங்கதானே அக்கா தட்டச் சொன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மன்னிப்பு நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து லாயத்துக்குப் போனாள், நேராக மசியின் வலப்பக்கம், அவளுடைய வழக்கமான சத்தமில்லாத நடையில். எனக்கு உயிர் போய் வந்தது.

"பேசு! பேசிட்டே போ!"

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு!"

வகுப்பில் ஆசிரியர் கேட்டாலும் தலையாட்டுகிற பெண். சுற்றுமுற்றும் பார்த்தாள். மசியின் காது இப்படியும் அப்படியும் தேடியது. பிறகு மிகச் சின்னக் குரலில் ஆரம்பித்தாள்:

"ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்துநாலு…"

காது அவள் பக்கம் திரும்பி நின்றது. எட்டாம் வாய்ப்பாடு முடிவதற்குள் அவள் கை அந்தக் குருட்டுக் கன்னத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 30

வாய்ப்பாடு வேலை செய்கிறது. ஏன் என்று யோசித்தேன். கதை சொன்னால் குரல் ஏறும் இறங்கும். வாய்ப்பாட்டுக்கு உணர்ச்சி கிடையாது. அடுத்து என்ன வரும் என்று குதிரைக்குக் கூடத் தெரிந்துவிடுகிறது.

வலச்சுற்று முழுவதும் ட்ராட்டில், மெல்லோட்டத்தில். சுவரைத் தொடவில்லை. தலை நேராக. "கையைப் பார்," என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கையில் பார்க்க ஒன்றும் இல்லை. இருந்ததும் இல்லை.

ஒரு சிக்கல். தேர்வில் குதிரையிடம் பேசக்கூடாது. சவாரி செய்கிறவர் உடம்பால்தான் பேச வேண்டும். வாயைத் திறந்தால் அந்தப் பயிற்சிக்கு மதிப்பெண் குறையும். பேசாமல் போனால் விழலாம். பேசினால் தோற்கலாம்.

"இடச்சுற்றுல பேச மாட்டேன்," என்றாள் குருவி. "வலச்சுற்றுல மட்டும். கொஞ்சமா."

வியாபாரி மாதிரி பேரம் பேசுகிறாள். யாரிடம் பேசுகிறாள் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 1

அவள் அம்மாவிடம் சொல்லாமல் எப்படி?

வேலை முடிந்து நேராக வந்தாள். சலவைத் தூளின் மணம். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. சங்கத்து வாசலில் செருப்பை விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். மரப்பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நோய், கண், வாய்ப்பாடு, மருத்துவர் சொன்னது. பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசிப்பது போலச் சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கு இதெல்லாம் விளங்கலம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் கூடப்பொறந்த தங்கச்சியா இருந்தா ஏத்துவியா?"

எனக்குத் தங்கை இல்லை. அதைச் சொல்லித் தப்பிக்க ஒரு நொடி நினைத்தேன், எழுதவே கூசுகிறது.

"தெரியல," என்றேன்.

"அப்போ எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

நாளைக்கு வாருங்கள், முதலில் நான் ஏறிக் காட்டுகிறேன் என்றேன்.

"வர்றேன். குடையும் எடுத்துட்டு வர்றேன்."

"மழை இல்லையே."

"மழைக்கு இல்ல."

செப்டம்பர் 2

அவள் மைதானத்தின் நடுவில் நின்றாள். மடக்கிய குடை கையில். நான் மசியின் மேல்.

"எப்ப விரிப்பேன்னு சொல்ல மாட்டேன்," என்றாள்.

வேலியில் குருவி. ரேடியோ — குரல் பாதி திரும்பி, தொடையில் கட்டோடு — "ஏம்மா, இது குதிரைம்மா, தீபாவளித் துப்பாக்கி இல்ல, வெடிச்சுப் பாக்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வலச்சுற்று. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஐந்தாம் வாய்ப்பாடு — எளிதானதைத் தேர்ந்தெடுத்தேன், கோழை. மசி மூச்சு விடுவது கால்களுக்கு நடுவே தெரிந்தது. ஒரு சுற்று. விரிக்கவில்லை. இரண்டு. விரிக்கவில்லை. அவள் வேண்டுமென்றே தாமதிக்கிறாள், என்னைச் சலிக்க வைக்கிறாள் என்று புரிந்தது. புரிந்த அதே நேரத்தில் 'பட்'டென்ற சத்தம்.

மசி அப்படியே தரையை விட்டுக் கிளம்பியது. ஒரு அடி பக்கவாட்டில். "— ஆறஞ்சு முப்பது," என்றேன். அதுவாகவே வந்தது. "ஏழஞ்சு முப்பத்தஞ்சு." கால்கள் மண்ணில் இறங்கின. காது என் பக்கம். நடந்தது.

குடையை மடக்கினாள். நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக, மருத்துவமனைப் போர்வையை மடிப்பது போல.

"சரி. ஏறட்டும். ஆனா பரீட்சை எடுக்க வர்றவங்ககிட்டயும் நீ சொல்லிடணும். என் பொண்ணு எதையும் ஒளிச்சு ஜெயிக்க வேணாம்."

"சொல்றேன்," என்றேன்.

கேப்டன் என்ன சொல்வார் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 8

கேப்டன் இன்று வேலியருகே நின்று முழு வலச்சுற்றையும் கேட்டார்.

"இது குதிரை ஏத்தமா, கணக்கு வகுப்பா?"

குருவி நிறுத்தவில்லை. "ஒம்பதெட்டு எழுவத்திரெண்டு" என்று அவரைக் கடந்து போனாள். அவர் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுக்கும் அவ அம்மாவுக்கும் சொல்லியாச்சு. சரி. விடு. அன்னைக்கு வர்ற தேர்வாளர் காதுல ஒரு வார்த்தை விழுந்துச்சோ — அந்த நிமிஷமே குதிரையை வெளிய அனுப்பிடுவாங்க. நான் பாத்திருக்கேன். அப்புறம் உனக்கும் இங்க வகுப்பு கிடையாது. மிரட்டல. நடக்கப்போறதைச் சொல்றேன்."

மிரட்டல் இல்லைதான். அவர் கண்ணில் இருந்தது பயம்.

செப்டம்பர் 11

சொல்லாமல் இருந்தால்: குருவி பேசிக்கொண்டே ஓட்டுவாள், 'பழக்கக் கோளாறு' என்று மதிப்பெண் குறைப்பார்கள், ஒருவேளை தேறுவாள். மசி இங்கேயே இருக்கும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

சொன்னால்: ஒரே வாக்கியத்தில் குருவி, மசி, நான் என மூவரையும் வெளியே தள்ளிவிடலாம்.

குருவியின் அம்மாவிடம் சொன்ன 'சொல்றேன்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இல்லையென்றால்.

செப்டம்பர் 13

நாளை.

சேணத்தின் வார்களை மூன்று தடவை பார்த்தேன். குருவி மசியின் பிடரியைப் பின்னினாள், இரண்டு பக்கமும். வலப்பக்கம் பின்னும்போது பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரை போய்விட்டாள்.

எனக்குள் ஒரு கேள்வி, அழுக்கான கேள்வி: எனக்கு உண்மை வேண்டுமா, உண்மை சொன்னவள் என்ற பெயர் வேண்டுமா? தோற்றால் தோற்பது அவள். லாரியில் ஏறினால் ஏறுவது மசி. எனக்கு என்ன — அம்மாவின் விண்ணப்பம் இருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் நின்று நேர்மையாக இருப்பது எவ்வளவு மலிவு.

படித்த புத்தகங்கள் எல்லாம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கின்றன.

செப்டம்பர் 14

எழுத வேண்டும். வரிசையாக.

தேர்வாளர் காரிலிருந்து இறங்கினார். வெயிலில் கறுத்த, உயரமான பெண்மணி; ஒரு மடக்கு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு. கேப்டன் மாலை போடாத குறையாக வரவேற்றார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொல்லவில்லை. அவர்கள் மைதானத்தின் நடுவே மேஜையைப் போட நடந்தார்கள், நான் பின்னால். சொல்லவில்லை. முதல் குழந்தை ஓட்டி முடித்தான். இரண்டாமவள் முடித்தாள்.

வேலிக்கு அப்பால் குருவியின் அம்மா. கையில் குடை. என்னைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்பது போல, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனேன். "மேடம், அடுத்து வர்ற குதிரைக்கு வலது கண் தெரியாது."

கேப்டனின் முகத்தை எழுத மாட்டேன்.

தேர்வாளர் பேனாவை வைத்தார். எழுந்து நேராக மசியின் வலப்பக்கம் நடந்தார், விறுவிறுவென்று, சத்தமில்லாமல்.

"பேசிட்டே வாங்க மேடம்!" — குருவி. சேணத்தின் மேலிருந்து. அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

தேர்வாளர் நின்றார். "என்ன பேச?"

"எதுவேணா."

யோசித்தார். "வணக்கம்," என்றார் குதிரையிடம். ரேடியோ மட்டும் பின்னாலிருந்து பதில் வணக்கம் சொன்னார்.

கையைக் கண்ணருகே ஆட்டிப் பார்த்தார். விழியைப் பார்த்தார். பிறகு கேப்டனிடம்: "ஒத்தைக் கண்ணுக்குத் தடை இல்ல. அந்த விதி மாறி எவ்வளவோ நாளாச்சு. சவாரி பண்றவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பேத்துக்கணும். நீங்க ஏத்துக்கறீங்களா?"

எல்லோரும் கேப்டனைப் பார்த்தோம். அவர் மசியைப் பார்த்தார். வலப்பக்கத்திலிருந்து. அந்த நீலத்தை அவர் அதற்கு முன் பார்த்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். நான் சொன்ன பிறகும் போய்ப் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

"ஓடட்டும்," என்றார்.

"பேசினா மார்க் குறையும்மா," என்றார் தேர்வாளர்.

"தெரியும் மேடம்," என்றாள் குருவி.

இடச்சுற்று. மௌனம். தண்ணீர் மாதிரி. குறுக்காகத் திசை மாற்றி வலச்சுற்று. ஏழாம் வாய்ப்பாடு. சின்னக் குரல், எனக்கு உதடு மட்டும் தெரிந்தது. ட்ராட். அதைவிட வேகமான கேன்டர். மூன்றாவது மூலையில் காற்று. மேஜை விரிப்பு படபடவென்று எழுந்தது — வலப்பக்கம், நேராக இருட்டிலிருந்து.

"ஏழேழு —"

நின்றுவிட்டது. மறந்துவிட்டாள். மசியின் கழுத்து உள்ளே வளைந்தது. தோள் வெளியே போனது. சுவர். எனக்கு விடை தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வெளியிலிருந்து ஒரு சொல் சொன்னால் தகுதி நீக்கம். ரேடியோ இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கும்.

அப்போது பார்த்தேன். கடிவாளம் தளரும்படி குருவி வலது கையை முன்னே கொடுத்தாள். இழுக்கவில்லை. கொடுத்தாள் — பயந்த நேரத்தில், எல்லோரும் இறுக்கிப் பிடிக்கிற நேரத்தில்.

"ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்தாறு."

மசி நீளமாக மூச்சு விட்டது. சுவரை விட்டு வந்தது.

தேறவில்லை. கொஞ்சத்தில். பேசியதற்குக் குறைத்தவை போக.

முடிவைச் சொல்லிவிட்டுத் தேர்வாளர் நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் எத்தனையோ பிள்ளைங்களைப் பாத்தாச்சு. இவ்வளவு இலேசான வலது கை பாக்கல."

குருவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். பார்த்தாள்.

செப்டம்பர் 15

எனக்கு வகுப்பு இல்லை. ஐந்து வயதுக் குழந்தைகளுக்குக் கயிறு பிடித்து நடத்தும் வேலை. கேப்டன் நேரில் சொல்லவில்லை. கரும்பலகையில் என் பெயர் இடம் மாறியிருந்தது.

செப்டம்பர் 21

பெற்றோர் கூட்டம். சங்கச் செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடியே இருந்தார். மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு அப்பா எழுந்து, "ஒத்தைக் கண்ணுக் குதிரைன்னா பாதிக் கட்டணமா சார்?" என்றார், அறை சிரித்தது, அதோடு இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. தேர்வாளரே ஓட்ட விட்ட குதிரையை நாம் எதற்கு விற்க வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டாள். தரகர் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. கேப்டன் உட்பட.

மசியின் அறைக்கு வலப்பக்கம், தீவன நடையில், ரேடியோ ஒரு பலகை மாட்டியிருக்கிறார். அவரே எழுதியது, எழுத்துகள் சரிந்து சரிந்து: இந்தப் பக்கம் வருபவர் பேசிக்கொண்டு வரவும். கீழே, சின்னதாக: எதுவானாலும் பரவாயில்லை.

குருவியின் இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்துவிட்டான். நல்ல பையன். அவன் என்ன செய்வான்.

செப்டம்பர் 28

அம்மா விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டாள். கடைசித் தேதி போய்விட்டது என்றேன். "ஒளிச்சு வச்சியா?" என்றாள். இல்லை, மறந்துவிட்டேன். அதுதான் அவளுக்கு இன்னும் கோபம்.

அக்டோபர் 5

காலையில் ஐந்து வயதுக்காரியை இறக்கிவிட்டு லாயத்துக்குள் வந்தேன். கேப்டன் மசியின் அறையில் இருந்தார். முதுகை எனக்குக் காட்டி. மூன்று வாரமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

கையில் கண்ணுக்கான சொட்டு மருந்து. மெதுவாக, சுவரோரமாக, வலப்பக்கம் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

"மூவெட்டு இருபத்துநாலு," என்று கேட்டது. "நாலெட்டு முப்பத்திரெண்டு. ஐயெட்டு… ஐயெட்டு…"

நின்றார். மசியின் காதும் நின்று காத்திருந்தது.

"நாப்பது," என்றேன், கதவருகிலிருந்து.

அவர் திரும்பவில்லை. "தெரியும்," என்றார். "ஆறெட்டு நாப்பத்தெட்டு."

நான் அலுவலக அறைக்குப் போனேன். ஊழியர்களுக்கு ஞாயிறு காலையில் ஆளுக்கு ஒரு மணி நேரச் சவாரி உண்டு. அந்தப் பட்டியலில் என் பெயரை அடித்து, அந்த இடத்தில் குருவியின் முழுப்பெயரையும், குதிரை என்ற இடத்தில் மசி என்றும் எழுதினேன். பிறகு சலவைக்கூடத்துக்குத் தொலைபேசி செய்தேன்.